இறம்பொடையிற் பிறந்த கடற்படைத் தலைவர்

அல்லைப்பிட்டி மாணவர் ஒருவர் எழுதிய கடிதம் இரண்டு வாரங்களாக எமது மேசையிலே கிடக்கின்றது. விக்டோரியா மகாராணியார் காலத்திலே ஆங்கிலக் கடற்படையில் உயர்பதவி வகித்தவர்களுள் இலங்கையோடு தொடர்புடையார் எவரேனும் உளரா என்பது அவரது முதற் கேள்வி. அத்தகையோர் பெயருக்குப் பின்னால் வால்போலத் தொடரும் எழுத்துக்களுக்குப் பொருள் யாது என்பது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைக் கடிதத்தின் ஓரத்திலே, சிறிய எழுத்தில், எழுதலாமா விடலாமா என்று தயங்கியவர்போல எழுதியிருக்கின்றார்: "இந்தப் பட்டங்களை அவர்கள் எதற்காகப் பெற்றார்கள்?" முதலிரண்டுக்கும் அன்றே விடை எழுதியிருக்கலாம். மூன்றாவதுதான் எம்மைத் தாமதிக்க வைத்தது.

கடலைப் பற்றிய கேள்வி அல்லைப்பிட்டியிலிருந்து எழுவதிலே வியப்பொன்றுமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியே இருபுறமும் நீரைப் பார்த்துக்கொண்டு, மண்டைதீவுச் சந்தியைக் கடந்து செல்வோர் வேலணைத்தீவிலே முதலிற் காணும் ஊர் அது. அவ்வூர் மணலின் அடியிலே சீனப் பீங்கான் ஓடுகள் புதைந்து கிடந்தன. 1977ஆம் ஆண்டிலே ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கே அகழ்ந்து அவற்றை ஆராய்ந்தார். சோங் அரசர் காலத்தவை அவை. ஏறக்குறைய 900 ஆண்டுப் பழமை வாய்ந்தவை. 2018இலே சீன நாட்டுத் தொல்லியலாளரே நேரில் வந்து மீண்டும் அகழ்ந்தனர். அவ்வோடுகளிற் பல, தென்சீனத்துக் குவாங்டொங் மாகாணச் சூளைகளிலே சுடப்பட்டவை. அம்மாகாணத்தின் பெயரைத் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும். நாம் சொல்லப்போகும் மனிதரும் அங்கே சென்றார். பீங்கான் வாங்கச் சென்றாரல்லர்.

அவர் பெயர் ஜோன் ஆர்பத்நொட் பிஷர். 1841ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 25ஆந் திகதி, கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வழியிலுள்ள இறம்பொடையிலே, ஒரு கோப்பித் தோட்டத்திற் பிறந்தவர். தகப்பனார் கப்டன் வில்லியம் பிஷர், 78ஆவது ஹைலாந்துப் படையைச் சேர்ந்தவர். தேசாதிபதி சேர் றொபேட் வில்மட் ஹோட்டனுக்கு உதவியதிகாரியாக இருந்து, பின்பு படையை விட்டுத் தோட்டக்காரரானவர். அக்காலத்திலே கோப்பி என்றாற் பொன் என்று எண்ணினர். அந்தப் பொன்னை உண்மையிலே விளைவித்தோர் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்து வந்த தமிழர். வழியிலே பசியாலும் பேதியாலும் மடிந்தோரின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை.

தோட்டத்தாற் பிஷர் குடும்பம் செல்வம் சேர்க்கவில்லை. கடனே சேர்ந்தது. பிள்ளைகள் பதினொருவர், அவர்களுள் நால்வர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். மூத்தவனாகிய ஜோனை ஆறு வயதிலே கப்பலேற்றி, இலண்டனிலுள்ள தாய்வழிப் பாட்டனாரிடம் அனுப்பிவிட்டனர். பாட்டனாரோ தாமே நொடித்துப்போய், வீட்டின் அறைகளை வாடகைக்கு விட்டுக் காலங் கழித்தவர். மகன் தகப்பனை அதன்பின் காணவேயில்லை. 1866இலே தகப்பனார் குதிரையிலிருந்து வீழ்ந்து இலங்கையில் இறந்தார்.

இன்று அல்லைப்பிட்டியிலே பரிசிலோ ரொறன்றோவிலோ பிள்ளையை வைத்துக்கொண்டு தொலைபேசித் திரையிலே முகம் பார்க்கும் தாய்மார் பலர். ஆறு வயதிற் போன பிள்ளையின் கடிதம் கப்பலேறி வருவதற்கு மாதக்கணக்கிற் காத்திருந்த தாயின் நிலையை அவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. கோப்பித் தோட்டத்துத் துரைசானியாயினும் தாய் தாய்தானே.

பிஷர் கடற்படையிற் சேர்ந்த வகையும் இலங்கையோடு தொடர்புடையதே. முன்னைத் தேசாதிபதியின் மனைவியார் வில்மட் ஹோட்டன் சீமாட்டி சிறுவனுக்கு ஞானத்தாய். அவர் அட்மிரல் சேர் வில்லியம் பாக்கரிடம் பரிந்துரைத்தார். நெல்சனின் கீழே கப்பற்றலைவராகப் பணிபுரிந்தோருள் எஞ்சியிருந்தவர் அப்பாக்கர். 1854ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே பதின்மூன்று வயதுப் பிஷர் போட்ஸ்மத் துறையிலே நெல்சனின் பழைய கப்பலாகிய 'விக்டரி'யில் ஏறினார். நுழைவுப் பரீட்சையைப் பற்றி அவரே பிற்காலத்திற் சொல்லியிருப்பது எமது பரீட்சார்த்திகளுக்குப் பொறாமையூட்டும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தை எழுதச் சொன்னார்களாம். உடையைக் களைந்து ஒரு நாற்காலியைத் தாண்டச் சொன்னார்களாம். பின்பு ஒரு கிண்ணம் திராட்சை மது கொடுத்தார்களாம். பரீட்சை முடிந்தது! ஆனால் அந்த நாற்காலி வரையிற் செல்வதற்கு ஒரு சீமாட்டியின் கடிதம் வேண்டியிருந்தது என்பதை மறத்தலாகாது.

கப்பலிலே அவர் கண்ட முதற் காட்சிகளுள் ஒன்று, எட்டு மாலுமிகளுக்கு வழங்கப்பட்ட சாட்டையடி. சிறுவன் மயங்கி வீழ்ந்துவிட்டான்.

பின்னர் ஐந்தாண்டுகள் சீனக் கடலிலே கழிந்தன. அபினிப் போர் என்று சரித்திரத்தில் நாம் படிப்பது அதுவே. இரண்டாவது அபினிப் போர். இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனர் தலையிலே கட்டும் வியாபாரம் அப்போரின் வேர்களில் ஒன்று. கன்ரன் நகரை ஆங்கிலேயரும் பிரான்சியரும் பிடித்தபோது பிஷர் அங்கே இருந்தார். கன்ரன் குவாங்டொங் மாகாணத்தின் தலைநகர். அல்லைப்பிட்டி மணலிற் கிடந்த பீங்கான் கப்பலேறிய நாடு. 1859இலே வடக்கே பெய்ஹோ ஆற்றுமுகக் கோட்டைகளைத் தாக்கச் சென்ற ஆங்கிலேயர் பேரிழப்போடு பின்வாங்கினர். சேற்றிலே அகப்பட்டுச் சுடப்பட்டோர் பலர். அதையும் இளைஞர் பிஷர் கண்டார். ஆங்கிலேயர் எப்பொழுதும் வெல்வர் என்று பாடப்புத்தகத்திற் படித்தவர்களைவிட, தோல்வியைக் கண்ணாற் கண்டவர் கூடுதலாகக் கற்றிருப்பார் என்பது எமது எண்ணம். ஏனெனில் அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் ஒரே கவலை: எமது கப்பல்கள் பழையன, எமது பீரங்கிகள் குறி தவறுவன, நாளை யுத்தம் வந்தால் என்செய்வோம் என்பதே.

மரக்கப்பலும் பாயும் மறைந்து, இரும்பும் நீராவியும் வந்த காலம் அது. 1863இலே 'வாரியர்' என்னும் இரும்புக் கவசக் கப்பலில் அவர் பீரங்கி அதிகாரி. பின்பு பீரங்கிப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர். அதன்பின் டோப்பிடோ என்னும் நீர்மூழ்கு குண்டுகளிலே நிபுணர். 1869இலே கொமாண்டர். 1874இலே கப்டன். இந்தப் படிகளை நாம் விரைந்து கடப்போம். பதவிகளின் பட்டியல் எவருக்கும் உறக்கத்தையே தரும்.

ஆனால் 1882இலே சற்று நிற்க வேண்டும். அவ்வாண்டு ஜூலை 11ஆந் திகதி ஆங்கிலக் கடற்படை எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகர்க் கோட்டைகளைப் பீரங்கியாற் சுட்டது. அங்கே நின்ற கப்பல்களுள் மிகப் பெரிய பீரங்கிகளையுடைய 'இன்பிளெக்சிபிள்' பிஷரின் கப்பல். அதன் பீரங்கிகள் நான்கு. ஒவ்வொன்றும் 80 தொன் எடை. கோட்டைகள் இடிந்தன, தொடர்ந்து நகரில் நெருப்பு மூண்டது. கரையிறங்கிய பிஷர், புகைவண்டிக்கு இரும்புக் கவசமிட்டுப் பீரங்கி ஏற்றிப் போருக்கு அனுப்பினார். அந்தக் கவச வண்டியாற் பத்திரிகைகளில் அவர் பெயர் பரவியது. பேதியும் காய்ச்சலும் பற்றி நெடுங்காலம் நோயுற்றார். பெயருக்குப் பின்னால் முதலெழுத்துக்கள் வந்து சேர்ந்ததும் அவ்வாண்டிலேயே: சீ. பீ.

இதற்கு இங்கேயே பொருள் சொல்லிவிடுவோம். பாத் என்றால் நீராட்டு. பழங்காலத்தில் வீரப்பட்டம் பெறுவோர் முதல்நாள் நீராடி இரவு முழுவதும் விழித்திருந்து நோன்பு காத்தனர். அந்த நினைவாக 1725இலே முதலாம் ஜோர்ஜ் அரசர் ஏற்படுத்திய விருது அது. அதிலே மூன்று படிகள் உண்டு. கடைப்படி சீ. பீ.; அதற்கு 'சேர்' பட்டம் கிடையாது. நடுப்படி கே. சீ. பீ.; பிஷர் 1894இலே அதைப் பெற்றுச் சேர் ஜோன் ஆனார். தலைப்படி ஜீ. சீ. பீ.; 1902இலே அதுவும் வந்தது. ஏழாம் எட்வேட் அரசர் ஒரே காலத்தில் 24 பேருக்கு மேற்படாமல் வழங்குவதென்று 1902இலே தோற்றுவித்த ஓ. எம். விருதும் அவருக்குக் கிடைத்தது. 1905இலே கடற்படையின் உச்சப் பதவியாகிய பிளீற் அட்மிரல். 1909 டிசம்பரிலே கில்வெர்ஸ்ரன் பிரபு. தம்பியின் இரண்டாவது கேள்வி இத்துடன் தீர்ந்தது.

இப்போது ஓரத்திலே எழுதிய கேள்வி. அலெக்சாந்திரியாவிலே கப்பற்றளத்தில் நின்றவர் மார்பிலே பதக்கம் ஏறிற்று. கரையிலே நின்றவருக்கு என்ன ஏறிற்று? கடற்படை என்ற சொல் தீவுப்பகுதியில் எத்தகைய நினைவுகளை எழுப்பும் என்பதை நாம் அறிவோம். 1990இலே ஊர் பெயர்ந்தது. 2006 மே மாதத்து ஓரிரவிலே அல்லைப்பிட்டி வீடுகளுக்குள்ளே கைக்குழந்தை உட்படப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு ஆகஸ்டிலே தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தோர்மீது எறிகணைகள் வீழ்ந்தன; மீண்டும் ஊர் பெயர்ந்தது. இவற்றைக் கண்டோரின் பிள்ளை ஒருவர் பட்டங்களைப் பற்றிக் கேட்கும்போது, பீரங்கியின் பின்புறத்திலிருந்து மட்டும் சரித்திரம் சொல்வது எம்மால் இயலாது. அலெக்சாந்திரியாவுக்காக அவருக்குப் பட்டம் கொடுத்தது தகும் என்று நாம் எழுதப் போவதில்லை.

ஆயினும் அவர் வாழ்க்கை அத்துடன் முடியவில்லை. 1892இலே கப்பல் கட்டும் துறை அவர் கைக்கு வந்தது. டோப்பிடோப் படகுகளைத் துரத்தியழிக்கும் விரைவுக் கப்பல்கள், இன்று உலகெங்கும் 'டெஸ்ட்ரோயர்' எனப்படுவன, அவர் காலத்திலே தோன்றின. 1899இலே ஹேக் நகரில் நடந்த சமாதான மகாநாட்டுக்கு ஆங்கிலேயர் தமது கடற்படைப் பிரதிநிதியாக அனுப்பியதும் இவரைத்தான்! யுத்தத்தை மெதுவாக்கலாம் என்று பேசியோரைக் கண்டு அவர் நகைத்தார். பின்பு மத்தியதரைக் கடற்படைக்குத் தலைவரானார். அங்கே கப்பல்களை வெள்ளையடித்து மினுக்குவதை விடுத்துத் தூரத்துக் குறியைச் சுடப் பழக்கினார்.

1904 ஒக்டோபரிலே முதற் கடற்பிரபு என்னும் தலைமைப் பதவி கிட்டியது. உடனே 150க்கு மேற்பட்ட பழைய கப்பல்களைச் சேவையிலிருந்து நீக்கினார். போரிடவும் வலியில்லை, ஓடவும் வேகமில்லை, இவற்றுக்கு ஏன் நிலக்கரி என்பது அவர் வாதம். தொலைதூரத் தளங்களையும் சுருக்கினார். அப்படிச் சுருக்கப்பட்டவற்றுள் ஒன்று எமது திருகோணமலை! இலங்கையிற் பிறந்தவர், இலங்கையின் பேர்பெற்ற துறைமுகத்துக் கப்பற்பட்டறையைப் பேனாவின் ஒரே கீற்றினாலே மூடினார். ஜேர்மனியை எதிர்க்கக் கப்பல்கள் யாவும் சீமைக் கடலிலே திரள வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்குச் சரியாயிருக்கலாம். திருகோணமலையிலே அதை நம்பி வாழ்ந்த தொழிலாளருக்கு அக்கணக்கு எப்படித் தோன்றியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பின்னாளில், இரண்டாம் உலகப் போரிலே, அத்துறையையே ஆங்கிலேயர் மறுபடி தேடிவந்ததும், 1942 ஏப்பிரிலிலே யப்பானியர் அதன்மீது குண்டு வீசியதும், 1957இலே அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டதும் வேறு கதை.

பின்பு வந்தது 'டிரெட்நோட்'. 1905 ஒக்டோபர் 2ஆந் திகதி அடிமரம் இடப்பட்டது. 1906 பெப்ரவரியில் அரசர் நீரில் இறக்கினார். அடுத்த ஒக்டோபரிலே கடலோடிச் சோதனை செய்தது. போர்க்கப்பல் கட்ட மூன்றாண்டு பிடிக்கும் காலம் அது. பன்னிரண்டு அங்குல வாயுடைய பத்துப் பீரங்கிகள். நீராவிச் சுழலிகளால் மணிக்கு 21 கடல்மைல் வேகம். அக்கப்பல் தோன்றிய அன்றே உலகத்துப் போர்க்கப்பல்கள் யாவும் பழையனவாயின. அந்த 'யாவும்' என்பதிலே ஆங்கிலேயரின் சொந்தக் கப்பல்களும் அடங்கும். நூறாண்டு சேர்த்த முதல் ஒரே நாளிற் செல்லாக்காசாக, ஜேர்மனியரும் அவர்களும் ஒரே கோட்டில் நின்று மறுபடி ஓடத் தொடங்கினர். இதை அவர் செய்யாவிடின் வேறொருவர் செய்திருப்பார் என்போரும் உளர். அமெரிக்கரும் யப்பானியரும் அத்தகைய திட்டங்களை அப்போதே வைத்திருந்தனர்.

எமக்கு அவரிடம் பிடித்தது வேறு. மாலுமிகள் புழுத்த வரட்டு பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டிருந்த காலத்திலே, கப்பலில் அடுப்பமைத்துப் புதிய பாண் சுட்டுக் கொடுக்கச் செய்தார். கப்பலின் அடித்தளத்தில் வெந்து வேலை செய்த இயந்திர அதிகாரிகளைத் தாழ்ந்த சாதிபோல நடத்திய வழக்கத்தை எதிர்த்து, மேற்றளத்தாருக்கும் அவர்களுக்கும் ஒரே பள்ளியிற் பயிற்சி என்று விதித்தார். பணக்காரரின் மக்களே அதிகாரிகளாகலாம் என்ற நிலை ஒழிய வேண்டும், கட்டணமின்றிப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். சீமாட்டியின் கடிதத்தால் நுழைந்தவர், அக்கடிதம் கிடையாத பிள்ளைகளை மறக்கவில்லை. பதக்கம் எம் கையிலிருந்தால் அந்தப் பாணுக்கும் இந்த வாதத்துக்குமே கொடுத்திருப்போம். இவற்றுக்கென ஒரு பதக்கமும் எக்காலத்தும் அடிக்கப்பட்டதில்லை.

பகைவர் அவருக்குப் பலர். அவர்களுள் முதன்மையானவர் சாள்ஸ் பெரெஸ்போட் பிரபு. இருவரின் சண்டையாற் கடற்படையே இரு கட்சியாயிற்று. பிஷரின் முகவெட்டைக் காட்டி, அவர் தாய் ஒரு சிங்கள இளவரசி என்று மறைவிலே பேசினர். அது பொய். தாயார் சோபி லாம் இலண்டன் குடும்பத்தவர். ஆனால் அந்தப் பொய்யைப் பழியென்று எண்ணிச் சொன்னார்களே, அதுதான் கவனிக்கத்தக்கது. இந்நாட்டிற் பிறந்தது ஒரு மனிதனைத் தாழ்த்தப் போதுமான காரணம் என்று கருதியவர்களே, இந்நாட்டாருக்கு நாகரிகம் கற்பிக்க வந்தவர்கள்.

1910இலே ஓய்வு பெற்றார். 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு எம்டன் என்னும் ஜேர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டுக் கொளுத்தியது. சூரனையும் சூழ்ச்சிக்காரனையும் 'அவன் ஒரு எம்டன்' என்று எமது வீடுகளிலே சொல்வது அன்று தொடங்கியதுதான். அதே நாள் காலையிலே வடகடலில் ஒரே நீர்மூழ்கி மூன்று ஆங்கிலக் கப்பல்களை மூழ்கடித்தது. அதன் தலைவன் வெடிகன் என்பவன். இத்தகைய நிலையிலே, ஒக்டோபர் மாத முடிவில், 73 வயதுக் கிழவராகிய பிஷரைச் சேர்ச்சில் மறுபடி அழைத்தார். கிழவர் வந்த வேகத்திலே இரண்டு பெருங்கப்பல்களைத் தென் அத்திலாந்திக் கடலுக்கு அனுப்ப, டிசம்பர் 8ஆந் திகதி போக்லாந்துத் தீவுகளருகே ஜேர்மன் அணியொன்று அழிந்தது. ஆனால் துருக்கியின் தார்தனெல்ஸ் நீரிணையைப் பிடிக்கும் சேர்ச்சிலின் திட்டத்தை முதலில் அரைமனத்தோடு ஏற்று, பின்பு வெறுத்து, 1915 மே 15ஆந் திகதி பதவியை வீசியெறிந்து சென்றுவிட்டார். பிரதமர் அரசர் பெயரால் ஆணையிட்டும் திரும்பவில்லை. யுத்த காலத்திலே காவலை விட்டுப் போனது பெருங்குற்றம். கலிப்போலிக் கரையிலே இளைஞர்கள் ஆயிரமாயிரமாக இறந்துகொண்டிருந்தபோது, ஜனவரியிலேயே உரக்கச் சொல்லியிருக்க வேண்டியதை மேயிலே கோபமாகச் சொன்னது அதனினும் பெருங்குற்றம் என்பது எமது கருத்து. இதற்காக ஒரு பட்டமும் அவரிடமிருந்து பறிக்கப்படவில்லை.

1920ஆம் ஆண்டு ஜூலை மாதம் 10ஆந் திகதி இறந்தார். வெஸ்ட்மின்ஸ்ரர் தேவாலயத்திலே பெரிய மரியாதை நடந்தது. உடல் தகனஞ் செய்யப்பட்டது; சாம்பல் கில்வெர்ஸ்ரனில் அடக்கமாயிற்று. அவரது தம்பியருள் ஒருவர், பிரெடெரிக், தாமும் அட்மிரலானார். இன்னொருவர், பிலிப், 1880இலே 'அத்தலாந்தா' என்னும் பயிற்சிக் கப்பலோடு கடலிலே காணாமற் போனவர். அவர் பெயரை இன்று எவரும் சொல்வதில்லை.

'டிரெட்நோட்' என்ன ஆயிற்று என்று தம்பி அடுத்த கடிதத்திற் கேட்கக்கூடும், தபாற்செலவை மிச்சப்படுத்துவோம். உலகத்தையே அச்சுறுத்திய அந்தப் பத்துப் பீரங்கிகளாலும் அது எந்தப் பகைவரின் கப்பலையும் மூழ்கடித்ததில்லை. 1916இலே ஜட்லாந்துப் பெரும்போர் நடந்தபோது அது பழுதுபார்க்கப் போய்விட்டது. 1915 மார்ச் 18ஆந் திகதி, தார்தனெல்ஸிலே மூன்று பழைய போர்க்கப்பல்கள் கண்ணிகளிற் சிக்கி மூழ்கிய அதே நாளிலே, வடகடலில் ஒரு ஜேர்மன் நீர்மூழ்கியை அது முகப்பினால் இடித்து அமிழ்த்தியது. அந்நீர்மூழ்கியில் இருந்த தலைவன் அதே வெடிகன். 1921இலே கப்பலைப் பழைய இரும்பாக விற்றுவிட்டனர். இறம்பொடையிலே கோப்பியும் எப்போதோ அழிந்தது. மலைச்சரிவு முழுவதும் இப்போது தேயிலை. கொழுந்து பறிப்போர் இன்றும் தமிழ்ப் பெண்களே.